வீட்டுக்குத் திரும்பும் டயர்

பொன்மலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ரயில்வே பணிமனை. அடுத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் இங்கே இடம்பெயர்ந்தது. அன்று தொடங்கி இந்த ஊரில் ‘டயர்’ என்ற சொல்லுக்கு ரப்பர் என்று மட்டும் பொருள் இருந்ததில்லை. நீராவி எஞ்சின் சக்கரத்தின் வெளிவட்டமாக இருக்கும் எஃகு வளையத்துக்கும் டயர் என்றுதான் பெயர். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவது போலவே, அதைச் சூடாக்கி விரியவைத்துச் சக்கரத்தின் மேல் மாட்டுவார்கள். ஆறும்போது அது சுருங்கி இறுகிக்கொள்ளும். தேய்ந்திருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்க்காமல் எந்தச் சக்கரமும் பணிமனையை விட்டு வெளியே போகாது.

சக்கரத்தின் மீது இத்தனை கவனம் வைத்த ஊரில் வளரும் இளைஞர்களுக்கு இப்போது வேறொரு சக்கர ஆசை வந்திருக்கிறது. அதுதான் கார்ப் பந்தயம்.

ஆசைக்குக் காரணங்கள் இருக்கின்றன. 2024 ஆகஸ்ட் 31-ம் செப்டம்பர் 1-ம் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் தெருப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. பணம் கட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க ‘டிராக் டே’ என்ற வழி இருக்கிறது என்பதும் இப்போது பலருக்குத் தெரியும். மண் தரையில் கம்புகளுக்கும் கூம்புகளுக்கும் நடுவே கடிகாரத்தோடு போட்டி போடும் ஆட்டோகிராஸும் இருக்கிறது.

இந்த ஆசை நல்ல ஆசைதான். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வேகத்தைச் சோதிப்பதை விட, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும் தடத்தில் சோதிப்பது ஆயிரம் மடங்கு மேல். பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றமும் ஆகும். ஆனால் தடத்துக்குப் போக முடிவு செய்தவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. ‘எந்த டயர் போடலாம்?’ என்று கேட்கிறார். அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும், ‘நல்லா ஒட்டுற டயரா பார்த்துப் போடு’ என்பதுதான்.

அது தொடக்கக்காரருக்குச் சொல்லக்கூடாத பதில். அவர் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: ‘எந்த டயர் என்னைத் தடத்திலும் ஓடவைத்து, அன்றிரவே பத்திரமாக வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்க்கும்?’

முந்நூறு கிலோமீட்டர் கணக்கு

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, வேலைக்குப் போய், இரண்டு வருடச் சேமிப்பில் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கிய ஓர் இளைஞனைக் கற்பனை செய்துகொள்ளலாம். திருச்சியில் பந்தயத் தடம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட சென்னைத் தடம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளம். அங்கே போக முந்நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போனாலும் இருநூறுக்கு மேல்.

காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போக அவனிடம் வசதி இல்லை. விடியற்காலையில் கிளம்பி, அதே காரில், அதே நான்கு டயரில் போகிறான். நாள் முழுக்கத் தடத்தில் ஓட்டுகிறான். மாலையில் களைத்துப்போய் அதே நான்கு டயரில் திரும்புகிறான். வழியில் விழுப்புரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை என்றால் நிச்சயம் பிடித்துக்கொள்ளும்.

டயர் எது என்பது அந்த நிமிடத்தில்தான் பெரிய விஷயமாகிறது. தடத்துக்கென்று செய்யப்படும் பாதி ஸ்லிக் வகை டயர்களில் கோடுகள் குறைவு, பள்ளம் ஆழமில்லை. காய்ந்த தாரில் அவை அற்புதமாக ஒட்டும். தேங்கிய தண்ணீரை ஒதுக்கித் தள்ள அவற்றால் முடியாது. தண்ணீர் ஒதுங்காவிட்டால் டயர் அதன் மேல் மிதக்கும். மிதக்கும் டயருக்கு ஸ்டியரிங்கும் ஒன்றுதான், பிரேக்கும் ஒன்றுதான். இரண்டுக்கும் அது கீழ்ப்படியாது. தடத்தில் இரண்டு விநாடி மிச்சப்படுத்திய டயர் மேல்மருவத்தூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே அவனைக் கைவிடுகிறது.

ஆகவே முதல் விதி: தடத்துக்கு எந்த டயரில் போகிறோமோ அதே டயரில்தான் திரும்புகிறோம் என்றால், அது சாலை டயராகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளங்கை அளவு நிலம்

ஒரு காரின் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு டயருக்கு நான்கு உள்ளங்கை. பிரேக் பிடிப்பதும், திருப்புவதும், வேகம் கூட்டுவதும் அந்த நான்கு உள்ளங்கையில்தான் நடக்கிறது.

பிடிப்பு என்பது மாதச் சம்பளம் போல. தொகை இவ்வளவுதான். பிரேக்கில் முழுவதையும் செலவழித்துவிட்டால் திருப்பத்துக்கு மிச்சம் இருக்காது. வளைவில் முழுவதையும் செலவழித்துக்கொண்டிருக்கும்போது பயந்து பிரேக்கை மிதித்தால் கடன்தான் வாங்க வேண்டும். அந்தக் கடனைத் தடத்தின் ஓரத்துச் சுவர் வசூலிக்கும். தொடக்கக்காரர் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த வரவு செலவுக் கணக்கைத்தான். எப்போது பிரேக்கை விடுவது, எப்போது ஸ்டியரிங்கைத் திருப்புவது, எப்போது மெல்ல ஆக்சிலரேட்டரைத் தொடுவது என்பதெல்லாம் அதில் அடக்கம்.

அதிகம் ஒட்டும் டயர் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. கணக்குத் தெரியாதவனுக்குச் சம்பளம் கூடினால் என்ன நடக்கும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். தவறான இடத்தில் பிரேக் பிடித்தாலும் டயர் காப்பாற்றிவிடுகிறது. தவறான கோட்டில் வளைத்தாலும் காப்பாற்றிவிடுகிறது. அவன் தவறு செய்ததே அவனுக்குத் தெரிவதில்லை. கடைசியில் டயராலும் காப்பாற்ற முடியாத ஒரு நாள் வரும்போது, வேகம் மிக அதிகமாக இருக்கும்.

சாதாரண டயருக்கு இன்னொரு நற்குணம் உண்டு. அது பேசும். வளைவில் பிடிப்பு குறையத் தொடங்கும்போது முதலில் மெல்ல முனகும். இன்னும் அழுத்தினால் கீச்சிடும். அதற்கும் மேல் போனால் அலறும். பிடிப்பு சிறிது சிறிதாகத்தான் விட்டுப்போகும். தொடக்கக்காரருக்குக் காலை மெல்ல எடுக்க அவகாசம் கிடைக்கும். பந்தய டயர்களில் பல அப்படிப் பேசுவதில்லை. எல்லைக்கு வரும்வரை அமைதியாக இருக்கும், எல்லையைத் தாண்டியதும் சட்டென்று விட்டுவிடும்.

ரயில்வேயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டி ஓசையைக் கேட்டு விரிசல் இருக்கிறதா என்று சொல்லும் ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் காது ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான நல்ல சக்கரங்களின் ஓசையைக் கேட்டுக் கேட்டு வந்த காது அது. டயரின் ஓசையைக் கேட்கும் காதும் அப்படித்தான் வரும். ஊமை டயரில் அது வரவே வராது.

இண்டியானாபோலிஸ் சொன்ன பாடம்

‘பெரிய கம்பெனி டயர், விலை கூடின டயர், அது எப்படிக் கெடுதலாகும்?’ என்று கேட்பவர்களுக்கு 2005-ம் ஆண்டைத்தான் காட்ட வேண்டும்.

அந்த ஆண்டுதான் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் பந்தயம். பயிற்சியின்போது சாய்வான வேகமான கடைசி வளைவில் மிஷெலின் டயர் செயலிழந்து ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. அந்தத் தடத்தின் அந்த ஒரு வளைவுக்குத் தங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல மிஷெலினால் முடியவில்லை. பந்தயத்துக்கு முந்தைய சுற்று முடிந்ததும், மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் ஓட்டாமலே திரும்பிப் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார்.

மிஷெலின் மோசமான கம்பெனியா? இல்லவே இல்லை. அதே ஆண்டு உலகப் பட்டத்தை வென்ற ரெனோ கார் ஓடியது மிஷெலின் டயரில்தான். ஆனால் அந்தத் தடத்துக்கு அந்த டயர் பொருந்தவில்லை. உலகின் தலைசிறந்த பொறியாளர்களுக்கே டயர்த் தேர்வு இப்படிச் சறுக்கும் என்றால், யாரோ சொன்னதைக் கேட்டு டயர் வாங்கும் தொடக்கக்காரர் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

தொழில்முறைப் பந்தயமே தொடக்கக்காரருக்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. இந்தியாவில் பல இளம் வீரர்கள் ஏறி வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயத்தில் எல்லாக் கார்களும் ஒரே வகை. எல்லாருக்கும் ஒரே ஜேகே டயர். யாரும் பணம் கொடுத்துப் பிடிப்பை வாங்க முடியாது. ஆகவே நேர வித்தியாசம் வந்தால் அது ஓட்டுபவரின் வித்தியாசம். தனியாகக் கற்றுக்கொள்பவரும் இதையே செய்யலாம். ஒரே டயரை மாற்றாமல் நாலைந்து டிராக் டே ஓட்டினால், நேரம் குறையும்போது அது தன்னால் குறைந்தது என்று அவருக்கே தெரியும்.

அமெரிக்க அறிவுரை இங்கே ஏன் செல்லாது?

ஆட்டோகிராஸ் பற்றி ஆங்கிலத்தில் படிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் எண் 200. டயரின் பக்கச் சுவரில் ‘டிரெட்வேர்’ என்று அச்சிட்டிருக்கும் எண் அது. அமெரிக்க அரசின் விதிப்படி, டெக்சாஸ் சாலைகளில் ஓட்டிப் பார்த்து, ஓர் ஒப்பீட்டு டயரை 100 என்று வைத்துக் கணக்கிடுவது. எண் கூடினால் மெதுவாகத் தேயும். அந்த நாட்டு ஆட்டோகிராஸில் சாலைக் கார் பிரிவுகளுக்கு 200-க்குக் குறையாத டயர் வேண்டும் என்று விதி வைத்தார்கள். உடனே கம்பெனிகள் சரியாக 200 என்று எழுதி, மிக மென்மையான டயர்களைச் செய்து விற்கத் தொடங்கின. எண்ணைப் போடுவதும் கம்பெனிதானே!

அந்த டயர்களை இங்கே தேடி அலைவதில் இரண்டு சிக்கல். ஒன்று, அமெரிக்க ஆட்டோகிராஸ் நடப்பது பெரும்பாலும் தார் போட்ட வாகன நிறுத்துமிடங்களில். இந்திய ஆட்டோகிராஸ் நடப்பது பெரும்பாலும் மண்ணில். மண்ணில் கோடில்லாத டயர் சறுக்குமரம். அங்கே வேண்டியது மண்ணைக் கடித்துப் பிடிக்கும் கட்டம் கட்டமான டிரெட், கல் குத்தினால் கிழியாத பக்கச் சுவர். ராலி டயர்கள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப். இந்தத் துறையில் எங்கோ போய்விட்டது. 2022-ல் அதன் டயரில் ஓடிய எஃப்ரேன் யரேனா ஐரோப்பிய ராலிப் பட்டத்தையே வென்றார். ஆனால் முதல் ஆட்டோகிராஸுக்கு ராலி டயரும் வேண்டியதில்லை. டிரெட் நன்றாக இருக்கும் சாதாரண டயரும், காற்று நிரப்பிய ஒரு ஸ்டெப்னியும் போதும்.

இரண்டாவது சிக்கல், 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதற்குப் பிறகு இத்தகைய தனி வகை டயர்கள் கிடைப்பது அரிதாயிற்று. கிடைக்காத பொருளுக்கு ஆசைப்படுபவரிடம் வந்து சேர்வது, வேறொருவர் ஓட்டிக் கழித்த பழைய பந்தய டயர்தான். ‘டிரெட் பாதி இருக்கு, பாதி விலை’ என்பார்கள். ஆனால் பந்தய டயரின் வயதை டிரெட்டில் மட்டும் பார்க்க முடியாது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ரப்பர் உள்ளுக்குள் கெட்டித்துப் போயிருக்கும். பார்வைக்கு இளமை, பிடிப்பில் முதுமை.

என்ன வாங்கலாம்? என்ன பார்க்கலாம்?

கார் கம்பெனி சொன்ன அளவில், பெயர் தெரிந்த கம்பெனியின் நல்ல சாலை டயர். இவ்வளவுதான் பதில். அடிப்படை ஸ்விஃப்டின் 165/80 ஆர்14 டயரிலேயே முதல் வருடம் முழுக்கக் கற்கலாம். அளவை அகலப்படுத்த வேண்டும் என்றால், அதே மாடலின் உயர் ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் 185/65 ஆர்15 அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டின் விட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. அளவுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தையும் பார்க்க வேண்டும். ‘டி’ என்றால் 190 கிலோமீட்டர் வேகம் வரை, ‘ஹெச்’ என்றால் 210 வரை.

பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 3523 என்றால் 2023-ம் ஆண்டின் 35-வது வாரம் செய்த டயர். கடையில் தூசு தட்டி எடுத்துக் கொடுக்கும் ‘புது’ டயருக்கு நாலு வயது ஆகியிருக்கலாம். வாங்கும் முன் குனிந்து பார்ப்பதில் வெட்கம் இல்லை. டிரெட் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். அந்த டயர் தடத்துக்கும் ஆகாது, சாலைக்கும் ஆகாது. ‘சாதாரண டயர் போதும்’ என்பதை ‘மொட்டை டயர் போதும்’ என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. ரீட்ரெட் செய்த டயரோ, பக்கச் சுவரில் வீக்கம் இருக்கும் டயரோ தடத்தின் பக்கமே போகக் கூடாது.

டயருக்கு ஒதுக்கிய மீதிப் பணத்தில் ஒரு நல்ல காற்றழுத்தமானி வாங்கலாம். காலையில் 30 டிகிரியில் 32 பவுண்டு காற்று அடித்த டயர், தடத்தில் ஓடி உள்ளே 70 டிகிரி ஆனால் 38 அருகே காட்டும். அழுத்தம் ஏற ஏறத் தரையைத் தொடும் பரப்பு குறையும். அதனால் பழகியவர்கள் நடுவில் கொஞ்சம் காற்றை இறக்குவார்கள். எவ்வளவு இறக்குவது என்பதற்குச் செலவில்லாத கருவி ஒன்று உண்டு: சாக்பீஸ். டயரின் தோளில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினால், டயர் எதுவரை மடிந்து தரையைத் தொட்டது என்று அழிந்த கோடு சொல்லிவிடும். பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை. தோளைத் தொடவே இல்லை என்றால் காற்று அதிகம். ஒவ்வொரு முறையும் இதை ஒரு நோட்டில் எழுதி வைப்பவர், ஆறு மாதத்தில் டயர் கடைக்காரருக்கே பாடம் சொல்வார்.

தடத்தில் காற்றை இறக்கியவர், டயர் ஆறியதும் மறுபடி நிரப்பிக்கொண்டுதான் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். காற்றுக் குறைந்த டயர் முந்நூறு கிலோமீட்டர் ஓடினால் பக்கச் சுவர் சூடாகி வெடிக்கும். நாள் முழுக்க 140-ல் ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகாமல், வீட்டுக்கு வரும்போது 80-ல் விபத்து ஆவது இப்படித்தான்.

எதிர்வாதமும் பதிலும்

‘அதிகம் ஒட்டும் டயர் சீக்கிரம் நிற்கும். அப்படியென்றால் அதுதானே பாதுகாப்பு?’ என்று அனுபவசாலிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஒரே வேகத்தில் போகும்போது அது உண்மையும் கூட. ஆனால் தடத்தில் யாரும் ஒரே வேகத்தில் போவதில்லை. பிடிப்பு கூடினால் வேகமும் கூடிவிடுகிறது. கூடிய வேகத்தைத் தாங்க வேண்டியது டயர் மட்டுமல்ல. கடைக்குப் போகவும் கல்யாணத்துக்குப் போகவும் செய்த காரின் பிரேக்கும், பேரிங்கும், சஸ்பென்ஷனும் அதே சுமையைச் சுமக்க வேண்டும். அவை எதையும் மாற்றாமல் டயரை மட்டும் மாற்றுவது, பழைய பாலத்தில் புது எஞ்சினை ஓட்டுவது போல.

ஒட்டும் டயருக்கும் ஒரு காலம் வரும். தொடர்ந்து பத்துச் சுற்றையும் ஒரு விநாடி வித்தியாசத்துக்குள் ஓட்ட முடிகிறது, டயர் முனகுவதற்கும் அலறுவதற்கும் வித்தியாசம் தெரிகிறது, பிரேக் திரவமும் பேடும் மாற்றியாயிற்று, தனி ரிம்மில் மாட்டிய இரண்டாவது செட்டைப் பின்சீட்டை மடக்கிக் கொண்டுபோய்த் தடத்தில் மாற்ற முடிகிறது. இத்தனையும் அமைந்தவர் தாராளமாக வாங்கலாம். அதுவரை அந்தப் பணம் இன்னும் இரண்டு டிராக் டேக்குக் கட்டணமாக இருக்கட்டும். டயர் கற்றுக்கொடுக்காததை அந்த இரண்டு நாள் கற்றுக்கொடுக்கும்.

ஊட்டி மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின்கள் செய்ததும் இதே பொன்மலைப் பணிமனைதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12.5 அடிக்கு 1 அடி ஏறும் அந்தப் பாதையில், எஃகுச் சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்பி ஏற முடியாது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினில் பற்சக்கரம் வைத்தார்கள். பிடிப்பின் எல்லை எது என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தத் தீர்வு வந்தது. எல்லையை அறியும் முன்பே தீர்வை விலைக்கு வாங்கவில்லை.

பொன்மலை இளைஞனும் முதலில் எல்லையை அறியட்டும். அதற்கு ஏற்றது, அவன் காரில் ஏற்கெனவே இருக்கும், நல்ல நிலையில் உள்ள, காற்றுச் சரியாக அடித்த சாதாரண டயர்தான். சுற்று நேரப் பட்டியலில் அவன் பெயர் கடைசியில் இருந்தாலும் பரவாயில்லை. இரவு பத்து மணிக்குக் கார் வீட்டு வாசலில் வந்து நின்று, ‘சாப்பிட்டியாடா?’ என்று அம்மா கேட்கிறாள் என்றால், அந்த டயர் தன் பந்தயத்தை ஜெயித்துவிட்டது.